கண்டக்டர் அக்காவுக்குப் புரியவில்லை

அவரை நான் முதலில் பார்க்கவில்லை, கேட்டேன். ஆன்லைன் வகுப்பில் நாற்பது கட்டங்கள், பெரும்பாலும் கருப்பாக, இருந்தன. அதில் ஒன்று மட்டும் திடீரென்று பச்சை விளிம்பு கட்டிக்கொண்டு, "சார், நில்லுங்க சார். நான் இன்னும் ஏறல" என்றது.

எங்களுக்குப் பாடம் நடத்திய சார் நெல்லூர்ப் பக்கத்துக்காரர். "மிஸ்டர் டேஞ்சர் பாய், ஏறலன்னா என்ன அர்த்தம்?" என்று கேட்டார். அந்தக் கட்டத்தில் அந்தப் பெயர்தான் இருந்தது. மகனுடைய போனில் வகுப்புக்கு வந்திருந்தார் அக்கா. இரண்டு வருடமும் அந்தப் பெயரை அவர் மாற்றவே இல்லை. எப்படி மாற்றுவது என்று மகனிடம் பத்து முறை கேட்டாராம், அவன் சொன்னது புரியவில்லையாம்.

"நீங்க சொன்ன கடைசி மூணு வரி புரியல சார். எல்லாரையும் ஏத்திக்கினு அப்பறமா வண்டிய எடுங்க."

வகுப்பில் அவர் பேசியது பெரும்பாலும் தெலுங்கு. சித்தூர்க்காரர்களுக்கு அது வீட்டின் இன்னொரு வாசல். நான் இங்கே தமிழாக்கித் தருகிறேன். மொழிபெயர்ப்பில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் இங்கிலீஷில் எம்.ஏ. படித்தவன், அவ்வளவுதான் என்னால் முடியும்.

எனக்கு ஊர் நகரி. நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, நாலு விசைத்தறி. எனக்கு ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர் ஆபீசில் வேலை. ஆபீசர் நாற்காலிக்குப் போக வேண்டுமென்றால் ஒரு முதுகலைப் பட்டம் இருந்தால் நல்லது என்று மேலதிகாரி சொன்னார். இங்கிலீஷ் மொழி, இலக்கியம், பண்பாடு என்று மூன்றையும் சேர்த்து, வேலையை விடாமல், சனி ஞாயிறுகளில் வீட்டிலிருந்தே படிக்கலாம் என்று ஒரு விளம்பரம் வந்தது. சேர்ந்துவிட்டேன். சேர்ந்த அன்றே என் முதுகுக்குப் பின்னால் தெரிகிற மாதிரி கண்ணாடி அலமாரி நிறையத் தடித்தடிப் புத்தகங்கள் இருக்கும் படம் ஒன்றை கம்ப்யூட்டரில் போட்டுக்கொண்டேன். அதில் என் இடது காது அடிக்கடி காணாமல் போகும். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

முதல் வகுப்பிலேயே என் யோக்கியதை தெரிந்துவிட்டது. புத்தூரிலிருந்து சேர்ந்திருந்த என் நண்பனுக்கு மட்டும் அனுப்புவதாக நினைத்துக்கொண்டு, "இந்த டேஞ்சர் பாய் எந்த பஸ் ஸ்டாண்டுலேர்ந்து வந்துச்சி?" என்று தட்டி எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன். நாற்பது கட்டமும் அதைப் படித்தது. சாரும் படித்தார்.

பச்சை விளிம்பு வந்தது. "சித்தூர் பஸ் ஸ்டாண்டுலேர்ந்து தம்பி. திருப்பதி வண்டி. நான் கண்டக்டரு" என்றார் அக்கா. குரலில் கோபமே இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான்.

மைக்கைத் திறந்து, "சாரி சார், கரண்ட் போயிடுச்சு, நான் அப்புறம் வரேன்" என்றேன். பின்னால் நைனாவின் நாலு தறியும் ஊரே அதிர ஓடிக்கொண்டிருந்தன.

"கரண்ட் இல்லாம தறி எப்பிடி ஓடுது தம்பி? புரியல" என்றார் அக்கா. கிண்டல் செய்கிறாரோ என்று நெடுநாள் சந்தேகப்பட்டேன். இல்லை. அவருக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

புரியாததைப் புரியவில்லை என்று சொல்வதற்கு அவருக்குக் கூச்சமே கிடையாது. எனக்கோ தலையாட்டுவதில் நகரி வட்டாரத்தில் இணை கிடையாது. சார் "கிளியர்?" என்று கேட்ட மறுநொடி கட்டைவிரல் படம் ஒன்று என் கட்டத்திலிருந்து எழும்பும். அவர் பாடத்தை முடிக்கும் முன்பே இரண்டு தடவை எழும்பியதும் உண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கிலீஷ்காரர்களின் பழக்கவழக்கம் பற்றிப் பாடம். அவர்கள் விடைபெறும்போது "ஒருநாள் எங்கள் வீட்டுக்கு டீ சாப்பிட வரவேண்டும்" என்று சொன்னால் அது அழைப்பு அல்ல, வெறும் மரியாதை என்றார் சார். நாங்கள் எல்லோரும் எழுதிக்கொண்டோம். நான் அடிக்கோடும் போட்டேன்.

"அப்ப கூப்புட்டுட்டு டீ குடுக்க மாட்டாங்களா சார்?"

"மாட்டாங்கம்மா. அது ஒரு மரியாதை."

"போய்ட்டா?"

"போக மாட்டாங்க. அவங்களுக்குத் தெரியும்."

"யாராச்சும் தெரியாம போயிருப்பாங்க இல்ல சார்? அவங்கள இன்னா பண்ணாங்க?"

சார் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். பிறகு, "எனக்குத் தெரியலம்மா. நான் அந்த நாட்டுக்குப் போனதில்ல. புத்தகத்துல இருந்ததச் சொன்னேன்" என்றார். அந்த வருடம் முழுக்க அவர் சொன்னதில் எனக்கு இன்றும் நினைவிருப்பது அது ஒன்றுதான். அடிக்கோடு போட்டதெல்லாம் மறந்துவிட்டது.

அக்கா பழைய மிஷன் சபைக் குடும்பம். அவர்கள் கோயிலிலும் இதே கதைதான் என்று பின்னால் தெரிந்தது. பைபிள் கதை ஒன்றைப் பற்றிய பிரசங்கத்தின் நடுவே கை தூக்கி, "ஐயா, ராஜாவுக்கு அப்பம் சுட்டவன் இன்னா தப்பு பண்ணான், ராஜா எதுக்கு அவன் தலைய எடுத்தாரு?" என்று பாஸ்டரைக் கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகு பாஸ்டர் பிரசங்கத்தைத் தயார்செய்துவிட்டு, சனிக்கிழமையே ஒரு தடவை அவருக்குப் போன் செய்து, புரிகிறதா என்று கேட்டுக்கொள்வாராம்.

அக்காவை நேரில் பார்த்தது பஸ்ஸில்தான். சித்தூரில் மாமா பெண் கல்யாணம். அது முடிந்து, மறுநாள் திருப்பதியில் இருந்த நேரடி வகுப்புக்குப் போவதற்காகக் காலையில் வண்டி ஏறினேன். காக்கிச் சட்டை, தோளில் பை, நரைத்த முடியை இழுத்துப் பின்னிய ஜடை. ஐம்பது வயதிருக்கும். "ஒரு திருப்பதி" என்றுதான் சொன்னேன்.

"நகரி தம்பிதானே? தறிக்கார ஊடு?" என்றார்.

இறங்கி வேறு வண்டியில் போகலாமா என்று நினைத்தேன். வண்டி ஊரைத் தாண்டிவிட்டது. அக்கா தன் சீட்டுக்குப் பக்கத்தில் என்னை உட்காரவைத்துக்கொண்டார். "நல்லதாப் போச்சி. 'ஐரனி'ன்னா இன்னா தம்பி? சாரு ரெண்டு தபா சொன்னாரு. நீங்கதான் டக்குனு கட்டவெரல் காட்டுவீங்களே."

நான் விளக்க ஆரம்பித்தேன். முரண் என்றேன். நகைமுரண் என்றேன். சொல்வதற்கும் பொருளுக்கும் இடையிலான இடைவெளி என்றேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவர் எழுந்துபோய் டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து, விட்ட இடத்திலேயே என்னைப் பிடித்தார். பாகாலா வந்தபோது எனக்கு வாய் உலர்ந்துவிட்டது.

அக்கா என் முகத்தையே பார்த்தார். "எனக்குப் புரியல தம்பி. உங்களுக்குப் புரிஞ்சிதா?"

அதைவிட என்னை அறைந்திருக்கலாம். முன் சீட்டில் தக்காளிக் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒருவர் திரும்பினார். "தண்ணி லாரி வச்சி ஊருக்கே தண்ணி விக்கிறான் எங்க தெருக்காரன். அவன் ஊட்டுக் கொழாயில தண்ணி வரல. அவன் பொண்டாட்டி எங்க ஊட்டுக்குக் கொடம் எட்த்துக்கினு வரா. அதுவா?"

"ஆ! ஏறிட்டேன்!" என்று அக்கா கத்தினார். பிறகு கதவுப் பக்கம் திரும்பி, "ரைட், ரைட்" என்றார். சந்திரகிரி வரை நான் ஜன்னலுக்கு வெளியே மலையைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

நேரடி வகுப்பு ஒரு கல்லூரியில். அக்கா டூட்டியை முடித்துக்கொண்டு காக்கிச் சட்டையோடே வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். மத்தியானம் வேப்பமரத்தடியில் சாப்பிட்டோம். எலுமிச்சைச் சாதம் கொண்டுவந்திருந்தார். "துன்னுங்க தம்பி, நெறய இருக்குது" என்று என் டப்பாவில் பாதியைப் போட்டார்.

பஸ்ஸில் பட்ட காயம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதனால் கொஞ்சம் குத்தலாகவே கேட்டேன். "இந்த வயசுல எதுக்குக்கா இவ்வளவு கேள்வி? நோட்ஸ் இருக்குது, மனப்பாடம் பண்ணா பாஸ். உங்களுக்குப் பிரமோஷனும் இதுல வரப் போறதில்ல."

அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"எங்க ஊட்டுக்காரருக்கு வயித்துல கட்டி வந்திச்சி தம்பி. பெரிய ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போனோம். டாக்டரு நல்லவரு. ரெண்டு பேரயும் உக்கார வச்சிப் பொறுமயாப் பேசினாரு. எல்லாம் இங்கிலீசு. நடுநடுல 'பாலியேட்டிவ், பாலியேட்டிவ்'னாரு. கடசில 'அர்த்தமைந்தாம்மா'ன்னு, புரிஞ்சிதான்னு, தெலுங்குல கேட்டாரு. நான் டூட்டிலேர்ந்து அப்பிடியே போயிருந்தேன். காக்கி போட்டுக்கினு, அத்தினி பேரு முன்னால புரியலன்னு சொல்ல வெக்கமா இருந்திச்சி. தலய ஆட்டிட்டேன். அவரும் ஆட்டினாரு."

நான் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தேன்.

"பாலியேட்டிவ்வுன்னா புது மருந்து போலக்குது, நல்லாயிடுவாருன்னு நெனச்சிக்கினேன். ஊட்டுக்கு வந்து கோழி வாங்கிக் கொழம்பு வச்சேன். அக்கம்பக்கத்துக்கெல்லாம் குடுத்தேன். அப்பறம் பதினோரு நாளுதான் இருந்தாரு. அந்தப் பதினோரு நாளும் நான் டூட்டிக்குப் போனேன் தம்பி. லீவு இருந்திச்சி. நல்லாயிடப் போறாரே, எதுக்கு லீவ வீணாக்கணும்னு எடுக்கல."

"அவருக்குப் புரிஞ்சிருந்துச்சா அக்கா?"

"தெரியல. கேக்கல. அந்த வார்த்தைக்கு அர்த்தம் எனக்கு அவர பொதச்சி ஒரு மாசம் கழிச்சித்தான் தெரிஞ்சிது. இனிமே நோவு தீராது, வலிய மட்டும் பாத்துக்கலாம்னு அர்த்தமாம். எங்க பையன் போன்ல பாத்துச் சொன்னான்."

"சாரி அக்கா" என்றேன். அதற்கும் எனக்கு இங்கிலீஷ்தான் வந்தது.

அன்று மாலை நகரிக்குத் திரும்பும்போது, இனிமேல் நானும் புரியாததைக் கேட்டுவிடுவது என்று உறுதி எடுத்துக்கொண்டேன். அடுத்த சனிக்கிழமை சார் ஏதோ ஒரு கொள்கையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசி, "கிளியர்?" என்றார். என் கட்டைவிரல் முதலில் எழும்பியது. பழக்கம் அப்படி.

கடைசித் தேர்வு திருப்பதியில் நடந்தது. அன்றைய தாளில் இருபது மதிப்பெண்ணுக்கு ஒரு கேள்வி. முன்பு படித்திராத ஒரு சிறு பாடலைக் கொடுத்துவிட்டு, அதைப் பற்றி எழுதச் சொல்வார்கள். பனி கொட்டுகிற ஊர். ஒரு பெண் சாயங்காலம் அடுப்பு மூட்டிக் கெட்டிலை வைக்கிறாள். மேசைமேல் இரண்டு கோப்பைகளை எடுத்துவைக்கிறாள். கணவன் சந்தைக்குப் போனவன். ஆறு வரி. கீழே கேள்வி: கடைசி வரியில் வரும் ஈரமான இரண்டு கோப்பைகள் உணர்த்துவது என்ன?

கடைசி வரியில் ஈரமும் இல்லை, கோப்பையும் இல்லை. அதில் ஜன்னல்தான் இருந்தது. நான் கவனித்தேன். கவனித்துவிட்டு, இது ஏதோ ஆழமான விஷயம், எனக்குத்தான் எட்டவில்லை என்று முடிவுசெய்து எழுத ஆரம்பித்தேன். மூன்று பக்கம் எழுதினேன். கோப்பைகள் ஈரமாக இருக்கின்றன என்றால் யாரோ அதில் குடித்திருக்கிறார்கள். ஆகவே கணவன் வந்துவிட்டான். கதவைத் தட்டினான். தலையிலிருந்த பனியை அவள் தட்டிவிட்டாள். இருவரும் டீ குடித்தார்கள். ஈரம் இங்கே அன்பின் குறியீடு. கவிஞரின் கைவண்ணம் கடைசி வரியில் மிளிர்கிறது. இப்படிப் போனது.

மூன்றாவது பக்கத்தில் இருந்தபோது முன்னால் நாற்காலி இழுபடும் சத்தம். அக்கா எழுந்து நின்றிருந்தார்.

"சார், இந்தக் கொஸ்டின் புரியல."

மேற்பார்வைக்கு வந்திருந்தவர் இளைஞர். "கூர்ச்சோண்டம்மா, உக்காந்து தெரிஞ்சத எழுதுங்க" என்றார்.

"தெரியாதத எப்பிடி சார் எழுதறது? கடசி வரில கோப்பயே இல்ல. பாட்டு பாதில நிக்குது."

"யாருக்காவது இந்தக் கேள்வியில சந்தேகம் இருக்குதா?" என்று அவர் அறையைப் பார்த்துக் கேட்டார். எல்லோரும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தோம். அக்கா திரும்பி எங்களைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். நான் பேனாவை உதறி மை வருகிறதா என்று பரிசோதித்தேன்.

"பாருங்கம்மா, எல்லாரும் எழுதறாங்க."

"அவங்க எழுதட்டும் சார். எனக்குப் புரியல. பெரிய சாரக் கூப்புடுங்க."

அவர் உட்காரவில்லை. தேர்வுக்குப் பொறுப்பான பெரிய சார் வந்தார். அக்காவைத் திட்டினார். அக்கா அதற்கும் "எதுக்குத் திட்றீங்க, புரியல" என்றார். பிறகு பெரிய சாரே தாளை வாங்கி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். முகம் மாறியது. வராந்தாவுக்குப் போய்ப் போன் செய்தார். முக்கால் மணி நேரம் கழித்து வந்து அறிவித்தார். அச்சில் பாடலின் பின்பாதி விட்டுப்போய்விட்டதாம். என்ன செய்வது என்று பிறகு சொல்வார்களாம். இப்போதைக்குப் பத்து நிமிடம் கூடுதல் நேரம்.

அந்த முக்கால் மணியும் அக்கா நின்றுகொண்டேதான் இருந்தார். மீதிக் கேள்விகளை அவரால் முடிக்க முடியவில்லை.

முடிவு வந்தது. அந்தக் கேள்வியை எழுத முயன்ற எல்லோருக்கும் முழு மதிப்பெண் என்று அறிவித்திருந்தார்கள். அந்த இருபது இல்லாவிட்டால் நான் தேறியிருக்க மாட்டேன், கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டேன். அக்கா அந்த இடத்தில் எதுவும் எழுதாமல் விட்டிருந்தார். எழுத முயலாதவர்களுக்கு மதிப்பெண் இல்லை. நாலு மதிப்பெண்ணில் அந்தத் தாள் போய்விட்டது.

நகரி மார்க்கெட் முனையில் நண்பர்கள் எனக்கு ஃபிளெக்ஸ் வைத்தார்கள். கோட்டுப் போட்ட உடம்பின்மேல் என் தலையை ஒட்டி, "ஆங்கிலப் பேரறிஞரே" என்று போட்டிருந்தார்கள். நைனா அதன் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். "இன்னாடா, நீ இத்தன படிச்சிக்கினியா? ஊட்ல சொல்லவே இல்லியே" என்றார். ஆபீசர் நாற்காலியும் வந்தது.

அடுத்த முறை எழுதி அக்காவும் தேறிவிட்டார். ஆனால் அதற்கு முன்பே, முடிவு வந்த அந்த வாரமே, நான் சித்தூருக்குப் போயிருந்தேன். வீட்டில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

பஸ் ஸ்டாண்டில் வண்டிக்குப் பக்கத்தில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். கிளம்பப் பத்து நிமிடம் இருந்தது. என்னைப் பார்த்ததும், "வாங்க தம்பி, பாஸாமே, சந்தோசம்" என்றார். நான் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். கடைசி வரியில் கோப்பை இல்லை என்று தெரிந்தும் எழுதியதை, அவர் திரும்பிப் பார்த்தபோது பேனாவை உதறியதை, அந்த இருபதால்தான் தேறியதை.

"மூணு பக்கமா? இல்லாத பாட்டுக்கா?" அக்கா சிரிக்க ஆரம்பித்தார். டிரைவர் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னாதான் எழுதினீங்க? சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். கதவு தட்டியதை, பனியைத் தட்டிவிட்டதை, இருவரும் டீ குடித்ததை. சொல்லச் சொல்ல அவர் முகத்தில் சிரிப்பு அடங்கிக்கொண்டே வந்தது.

"நம்ம வகுப்பு சாரு எனக்கு முழுப் பாட்டும் அனுப்பினாரு தம்பி. அவன் வரல. சந்தைக்குப் போயே ரொம்ப வருசம் ஆவுதாம். அந்தம்மா ஒருத்தியா டீ குடிக்கிறா. குடிச்சிட்டு ரெண்டு கோப்பயயும் கழுவிக் கவுத்து வைக்கிறா. அதான் ஈரம்."

அக்கா தண்ணீர் பாட்டிலை மூடினார்.

"யாரும் குடிக்காத கோப்பய எதுக்குக் கழுவறா? அத மட்டும் நான் சாரக் கேக்கல" என்றார் அக்கா.

டிரைவர் ஹாரன் அடித்தார். அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியில் ஏறி, கம்பியைப் பிடித்தபடி என் பக்கம் திரும்பினார்.

"உங்க பேப்பர்லயாச்சும் அந்த மனுசன் வந்து டீ குடிச்சாரே தம்பி. அதுக்கு முழு மார்க்கு குடுக்கலாம்."